கலன் மூடியில் வைத்த பொட்டு

நான் வேலை பார்க்கும் மருந்துத் தொழிற்சாலை திருவெறும்பூரைத் தாண்டி இருக்கிறது. மாத்திரை ஆவதற்கு முந்திய வெள்ளைப் பொடியைச் செய்வதுதான் எங்கள் தொழில். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். லேபில் என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், பொடி நல்ல பொடியா என்று பார்ப்பேன் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் ஒருவரும் நின்று கேட்பதில்லை.

இங்கே கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் மருந்து இரண்டு விதமாகப் படிகமாகும். மூலக்கூறு ஒன்றுதான், அடுக்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. முதல் வகை மைக்ரோஸ்கோப்பில் சின்னச் சின்னத் தகடுகளாகத் தெரியும். வயிற்றில் சீக்கிரம் கரையும். இரண்டாவது வகை ஊசி ஊசியாக இருக்கும். கரைவதற்குள் மாத்திரை சாப்பிட்டவருக்குப் பொறுமை போய்விடும், அதனால் எங்களுக்கு ஆகாது. பெரிய கலனில் சூடான கரைசலை மெல்ல ஆறவிட்டு, சரியான நேரத்தில் முதல் வகைப் பொடியைக் கொஞ்சம் தூவினால் மொத்தமும் அதைப் பின்பற்றிப் படியும். பாலுக்கு உறை ஊற்றுகிற கதைதான். பிளாண்டில் அதை உறை என்றே சொல்வார்கள். தப்பித்தவறி இரண்டாம் வகை ஒரு துணுக்கு விழுந்துவிட்டாலோ, கலன் முழுவதும் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

உறை போடுகிறவர் திருவெள்ளறைக்காரர். என் வயதுதான் இருக்கும். பதினோரு வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். அவ்வளவு வருடத்தில் அவர் கையால் ஒரு பேட்ச் கெட்டதில்லை. ஆயுத பூஜை வந்த மாதம், நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் ஒருவழியாக அவர் பெயரும் வந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்களிடம் ஒரே தட்டுதான். சந்தனம், குங்குமம், பூவோடு லேப் தராசில் தொடங்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே பிளாண்ட் வரைக்கும் போகும். லேபில் இருக்கும் எதுவும் பிளாண்டுக்குள் போகக் கூடாது என்ற விதியை எழுதியவளே நான்தான். சட்டைப் பையில் லேப் பேனாவோடு போனவர்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். ஆனால் சாமித் தட்டை ஒரு பொருளாக யார் நினைக்கிறார்கள்? நானும் நினைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த வாரம் இரண்டாம் வகையை வேண்டுமென்றே கொஞ்சம் செய்து, மூடாமல் மேஜைமேல் உலரவைத்திருந்தேன். அதே மேஜையில்தான் சந்தனம் குழைத்தேன். பிளாண்டில் கலன் கழுவித் திறந்திருந்தது. உறை போடுகிறவர் அதன் மூடியைக் காட்டி, "இதுக்கும் ஒண்ணு வெச்சுடுங்க மேடம். வருஷம் பூரா இதோடதானே மல்லுக்கட்டுறேன்" என்றார். மூடியின் விளிம்பில் தாராளமாகவே வைத்தேன்.

விடுமுறை முடிந்து போட்ட முதல் பேட்ச் முழுக்க ஊசியாக வந்தது. அடுத்ததும் அப்படியே. நேரம் தவறி உறை போட்டதாக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று பிளாண்டே பேசிக்கொண்டது.

அன்று மாலை லேப் தராசில் காய்ந்திருந்த பொட்டைத் துடைக்கப் போன எனக்கு என்னவோ உறுத்தியது. சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சந்தனத் துகள்களுக்கு நடுவே ஊசிகள் மின்னின. பிளாண்ட் காலியான நேரம் பார்த்துக் கலனின் மூடியிலும் சுரண்டிப் பார்த்தேன், அதிலும் இருந்தன. நான் வைத்த பொட்டு உள்ளே உதிர்ந்துதான் பேட்ச் கெட்டிருக்கிறது.

ஒன்பது நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். பால்பண்ணை தாண்டுவதற்குள் வேறு யோசனை வந்துவிடும். வெறும் மெமோதானே, அவரைப் போன்ற ஆளை விட்டுவிடுவார்களா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரையே திட்டுகிறவள் நான். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு.

பத்தாம் நாள் அவர் எழுதிய பதில், லேபின் கருத்துக்காக என் மேஜைக்கே வந்தது. சண்டை போட்டிருப்பார் என்று நினைத்துப் பிரித்தேன். லீவு முடிந்து வந்ததில் கவனம் சிதறியிருக்கலாம், கரைசலைத் தவறாகப் பார்த்திருக்கலாம், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தக் காகிதத்தையும், பொட்டைச் சுரண்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒன்பது நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார். மறுபடி மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டிருந்தேன் என்றேன். மேனேஜர் நம்பினாரா என்று தெரியாது. மெமோ உறை போடுகிறவரிடமிருந்து எனக்கு மாறியது, அவர் பெயர் பட்டியலில் நின்றது.

அவரைத் தேடிப் போய், "சரியாப் போட்டுட்டு ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். குரலில் கோபம்தான் முதலில் வந்தது.

"சரியாத்தான் போட்டேன்னு நெனச்சேன் மேடம். நீங்க லேப்ல இருக்கீங்க, வேற காரணம் இருந்தா சொல்லியிருப்பீங்கல்ல. நீங்களே பேசாம இருக்கவும் தப்பு நம்மளுதுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு தடவ வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லிடுங்க மேடம். நான்தான் கெடுத்துட்டேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். இப்ப இல்லன்னு சொன்னா, சும்மா சமாளிக்கிறேன்னு நெனைக்கிறா."

ஞாயிற்றுக்கிழமை திருவெள்ளறைக்குப் போனேன். பத்தாவது படிக்கிற பெண். காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அப்பா சரியாகத்தான் செய்தார், நான் வைத்த பொட்டால்தான் பேட்ச் கெட்டது, அது தெரிந்தும் ஒன்பது நாள் நான் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரியும்படி சொன்னேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் ஆன்ட்டி சொல்லல?" என்று கேட்டாள்.

மேனேஜரிடம் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பயந்துட்டேன்மா" என்றேன்.