அரை மீட்டருக்கு உள்ளே

என் மகள் தூங்கும்போது இருக்கிற முகத்துக்கு விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு. கொடுத்தவன் நான், அதனால் சொல்கிறேன். கடைக்காரர் முதலில் கேட்டது இருபத்தாறாயிரம்.

இனிமேல் எழுதப் போவது நடந்தது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம். சாயம் கையில் ஒட்டும்போதே "சாயம் போகாதுங்க" என்று சத்தியம் செய்யத் தெரிந்தவர்கள். ஆனால் பொய்யைச் சும்மா கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. பொய் சொன்னால் ஏதாவது விற்றாக வேண்டும். இதில் விற்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

மகளுக்கு அப்போது நாலு வயது. நெஞ்சில் ஓர் ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். மூடவில்லை. திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. "நூத்துல தொண்ணூத்தஞ்சு பிள்ளைங்க நல்லா வந்துடுறாங்க" என்றார் டாக்டர். வியாபாரி காதில் மிச்சம் ஐந்துதான் விழும்.

வியாழக்கிழமை ராத்திரி, என் மனைவி போனில் இருந்த பாப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். எல்லாம் ஓட்டம், ஆட்டம், கலங்கல்.

"ஒரு படமாவது தெளிவா இருக்கா பாருங்க."

இப்போது எதற்குத் தெளிவான படம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வேண்டிய தைரியம் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

மறுநாள் மச்சினனைக் கூட்டிக்கொண்டு கேமரா வாங்கப் போனேன். மனைவியின் தம்பி. ஒரே ராத்திரியில் நாற்பது வீடியோ பார்த்துவிட்டு, கண் சிவந்து, நிபுணனாக வந்து நின்றான்.

"மாமா, முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆருக்குப் புதுசு வேண்டவே வேண்டாம். யாராவது வச்சிருந்த கேமரா பாடியை வாங்கிக்கலாம். மிச்சக் காசை லென்ஸ்ல போடணும். பாடி பழசாகும், கண்ணாடி பழசாகாது."

"உங்க அக்கா காதுல விழப்போகுது. அவ என்னைத்தான் பழைய பாடிம்பா."

பழைய கேமரா விற்கிற கடை. ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார். மச்சினன் அதைத் தொடவில்லை.

"இதுகூட வர்ற லென்ஸ் ராத்திரி வெளிச்சத்துல திணறுமே அண்ணே. பாப்பா தூங்குறப்ப எடுக்கணும். ஃபிளாஷ் போடக் கூடாது, முழிச்சுக்கும்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். ஃபிலிம் காலத்துச் சரக்கு. முழுக்க உலோகம். கட்டைவிரல் உயரம்தான், ஆனால் படிக்கல் கனம்.

"ஐம்பது எம்.எம். இருட்டுலயும் எடுக்கும். ஆனா தானா ஃபோகஸ் ஆகாது. வளையத்தைக் கையால திருப்பணும். கேமராவுல மாட்ட நடுவுல ஒரு அடாப்டர் வேணும்."

"ஃபோகஸ் சரியா வந்தா கேமரா பீப்னு கத்தும் மாமா. வீடியோல பார்த்தேன்" என்றான் மச்சினன்.

அவர் எடுத்து வைத்த பழைய பாடி ஒன்றுக்காகக் கடைக்காரரும் நானும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். ரெண்டு தடவை நான் வாசல் வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை அவர் கேமராவைப் பூட்டியே வைத்துவிட்டார். கடைசியில் பதினெட்டாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது.

"லென்ஸ் எவ்வளவு?"

"எடுத்துட்டுப் போங்க."

"அடாப்டர்?"

"அதையும் எடுத்துட்டுப் போங்க சார்."

நூறு ரூபாய்க்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சண்டை போட்ட மனிதர். எங்கள் தொழிலில் பேரமே இல்லாமல் சரக்கு கைமாறினால் காரணம் இரண்டுதான். திருட்டுச் சரக்கு. இல்லையென்றால் ராசியில்லாத சரக்கு. தெரிந்தும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இலவசம் என்றால் எங்கள் ரத்தம் யோசிக்காது.

வழி முழுக்க லென்ஸை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். அரை மணி நேரம். அது சூடாகவே இல்லை.

அன்று ராத்திரி பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் முறை. முந்தின இரவு கண் விழித்த மனைவி பக்கத்து அறையில் படுத்துவிட்டாள். டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குழந்தை திடுக்கிடக் கூடாது. வீறிட்டு அழக் கூடாது. அழுதால் உதடு நீலமாகிவிடும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. பாப்பாவின் கட்டில் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. நான் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சின்ன இரவு விளக்கு மட்டும் எரிந்தது.

லென்ஸ் வளையத்தில் தூரத்தை மீட்டரில் பொறித்திருந்தார்கள். அரை, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பத்து. கடைசியில் படுத்த எட்டு மாதிரி ஒரு குறி. கண்ணுக்கு எட்டாத தூரம் என்று அர்த்தமாம்.

பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டு மெல்லத் திருப்பினேன். மூன்றில்...

பீப்.

எடுத்தேன். திரையில் பார்த்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. கீழுதட்டில் காய்ந்த பால் தெரிந்தது. இருபத்தாறாயிரமே கொடுத்திருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்பேன். பிறகு, வாங்கிய சரக்கை இழுத்துப் பார்க்கிற பழக்கம். வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினேன். மூன்றில் பீப். ஐந்தில் இல்லை. பத்தில் இல்லை. படுத்த எட்டில்...

பீப்.

அறையின் நீளம் மொத்தமே நாலு மீட்டர். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இந்த லென்ஸ் எதைப் பார்க்கிறது?

"இலவசச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேமராவில் மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திருப்பினேன். படுத்த எட்டில் சத்தமில்லை. பத்தில் வந்தது.

துணிக்கடைக்காரன் வீட்டில் டேப்புக்குப் பஞ்சமா? எடுத்தேன். நாற்காலியிலிருந்து பாப்பாவின் முகம் வரை அளந்தேன். சரியாக மூன்று மீட்டர். சுவர் வரை, விரல்கடை குறைய நாலு. லென்ஸ் பொய் சொல்லவில்லை.

பத்து என்றால் சுவருக்கு வெளியே ஆறு மீட்டர். மூன்றாவது மாடி உயரத்தில். அந்தரத்தில்.

உட்கார்ந்து, மறுபடி கண்ணை வைத்தேன்.

ஐந்தில்... பீப்.

கேமராவை அணைத்தேன். அணைத்ததும்தான் புரிந்தது. இப்போது அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அணைத்து வைக்கவும் முடியவில்லை. போடவும் முடியவில்லை. போட்டேன்.

ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவே. நாலு. சுவருக்கு உள்ளே.

மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எழுந்து ஓடிப் பிள்ளையைத் தூக்கலாம். தூக்கினால் திடுக்கிடும். அழும். அதுவுமில்லாமல்... பிள்ளை இருக்கிற இடத்துக்குத்தான் அதுவும் போய்க்கொண்டிருந்தது.

எழுந்தேன். ஒரு அடி வைத்தேன்.

கட்டில் ஓரத்தில் மெத்தை அமுங்கியது.

யாரோ உட்கார்ந்த மாதிரி. மெதுவாக. பிள்ளை முழித்துவிடக் கூடாது என்கிற அக்கறையோடு.

அடுத்த அடி என்னால் வைக்க முடியவில்லை. பின்னுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக்குள் பாப்பா மட்டும்தான் தெரிந்தாள். மூன்றில் வைத்தேன்.

பீப். பீப்.

இரண்டு தடவை.

பாப்பா தூக்கத்தில் சிரித்தாள். யாருக்கோ இடம் விடுகிற மாதிரி நகர்ந்து படுத்தாள்.

அப்பா எனக்குக் கற்றுக் கொடுத்த வியாபாரம் முழுவதும் ஒரு வரிதான். எதிராளி விலை சொல்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. முப்பது வருஷம் அதை வைத்துப் பிழைத்திருக்கிறேன். கல்யாணப் பேச்சில்கூட நான் முதலில் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத் திறந்தேன்.

"அவளை விட்டுடு."

குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"இங்க வா. என்கிட்ட வா. என்ன வேணும்னாலும் தர்றேன்."

என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவில்லை. முதல் வார்த்தையிலேயே கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டேன்.

மெத்தை... எழும்பியது.

மூன்றில் ஒரு பீப்தான். பாப்பா மட்டும்.

இரண்டில்... பீப்.

விரல் தானாகத் திருப்பியது.

ஒன்றரை. பீப்.

ஒன்று. பீப்.

முக்கால்...

அரை. பீப்.

அதற்கு மேல் வளையம் திரும்பவில்லை. 'டக்' என்று நின்றுவிட்டது. அரை மீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் இந்த லென்ஸுக்குத் தெரியாது.

சத்தம் நின்றுவிட்டது.

கேமராவை இறக்கினேன். எதிரே ஒன்றுமில்லை. கட்டில். பாப்பா. விளக்கு.

மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். சத்தியமாக அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

வெளிப்பக்கமாக.

விடிகிற வரைக்கும் நான் அசையவில்லை. காலையில் மனைவி வந்து தோளைத் தொட்டபோதுதான் விரல்களைப் பிரிக்க முடிந்தது.

"என்னங்க அது, ராத்திரி பூரா பீப் பீப்னு? பாப்பா முழிச்சுக்கப் போறான்னு பயந்துகிட்டே படுத்திருந்தேன்."

"புதுக் கேமரா" என்றேன்.

திங்கட்கிழமை ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். மூன்றரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாங்க நினைச்சதைவிடச் சுலபமா முடிஞ்சுது. சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான், அதிர்ஷ்டம்." மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். மச்சினன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குதிக்க வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கேமராவை அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லென்ஸைப் பார்த்ததும் கடைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாடியை வாங்கிக்கிறேன். அது வேணாம்."

"ஏன்?"

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட கொடுத்துட்டேன் சார். மூணு பேர் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க."

"நாலாவது ஆள்?"

"அவரோட வீட்டுக்காரம்மா கொண்டுவந்தாங்க."

அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்காமல் பாடியிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றி, அடாப்டரை மட்டும் உருவி எடுத்தார். விளக்கடியில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். நான்தான் பேச்சைத் தொடர்ந்தேன்.

"ஃபோகஸ் வந்தா ரொம்பச் சத்தமா கத்துது."

"எது சார்?"

"கேமரா. பீப்னு."

"இதை மாட்டினா கத்தாதே சார். சிப் வச்ச அடாப்டர் போட்டாத்தான் கத்தும். அது விலை ஜாஸ்தி. நீங்க அடிச்ச பேரத்துக்கு நான் சிப் இல்லாத வெறும் வளையத்தைத்தான் கொடுத்தேன். இதை மாட்டினா, முன்னாடி லென்ஸ் இருக்குன்னே கேமராவுக்குத் தெரியாது."

மாட்டிக் காட்டச் சொன்னேன். மாட்டினார். பட்டனைப் பாதி அழுத்தி, என்னைப் பார்த்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினார். திரும்ப. மறுபடியும். ஒரு சத்தமும் இல்லை.

பத்துத் தடவை திருப்பச் சொல்லியிருப்பேன். கடைசியில் அவர் சலித்துப்போய் கேமராவைக் கீழே வைத்தார். பாடிக்குப் பதினோராயிரம் சொன்னார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். லென்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் சில நாள், நான் மூச்சு விடாத நேரமாகப் பார்த்து, என் மூக்குக்கண்ணாடி மங்கும். துடைத்துக்கொள்வேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

கணக்கு இது.

வாங்கியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. விற்றது பதினோராயிரம். நஷ்டம் ஏழாயிரத்து ஐந்நூறு.

வரவு, மகள் ஒருத்தி. வயது ஏழு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுகிறாள்.

பாக்கி உண்டு. எதிராளி இன்னும் தொகை சொல்லவில்லை.