பெட்டிக்குப் பின்னால் நெத்திலி

"ஏளா ஜெஸ்லின், இந்தப் பெட்டி பின்பக்கம் ஏன் இப்படி அனலா ஊதுது?" என்று பிளாரன்ஸ் அக்காதான் பேச்சைத் தொடங்கினாள்.

"உள்ள அறுபத்து நாலு கோர் இருக்குக்கா. ஒரே கணக்கப் பங்கு போட்டு எல்லாம் சேந்து செய்யும். அந்தச் சூடு."

"எல்லாமேவா? எங்க வீட்டுக்காரரு வள்ளத்துல நாலு பேரு வலை இழுத்தா ரெண்டு பேரு வேடிக்கல்லா பாக்கான்."

"இங்கயும் அதே கததான். சும்மா நிக்கத வேலை வாங்கத்தான் என்னைய வச்சிருக்காங்க."

"மழையிலயும் ஓடுமா?"

"மழைக்கும் இதுக்கும் என்னக்கா?"

"சும்மா கேட்டேன்ளா."

அக்காவுக்கு ஆராய்ச்சியில் இவ்வளவு ஆர்வமா என்று ஜெஸ்லினுக்குப் பெருமையாக இருந்தது.

பிளாரன்ஸ் அந்தக் கல்லூரி ஆய்வகத்தின் உதவியாளர். முதல்வரே வந்தாலும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். காலையில் விளக்கைப் போட்டதும் பெட்டியின் முன் நின்று சிலுவை போடுவாள். அந்தக் கணினிப் பெட்டியைக் கொடுத்தது சென்னையிலுள்ள ஒரு கப்பல் சரக்கு மென்பொருள் நிறுவனம். துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னரை எங்கே அடுக்குவது என்று கணக்கிடும் நிரலை ஜெஸ்லின் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய நிரலைவிட நான்கு மடங்கு வேகம் காட்டினால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ஜெஸ்லினின் வேலையும் அதோடு சரி.

ஐப்பசி மழை பிடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் நொண்டத் தொடங்கியது. ஜெஸ்லின் திருத்தினாள், பிரித்தாள், முதலிலிருந்து எழுதினாள். இரண்டு மடங்குக்கு மேல் ஏறவில்லை. "கண்ணு பட்டுட்டுளா" என்று சொல்லி, பிளாரன்ஸ் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

சோதனை நாளன்று நிறுவனத்தின் பாலகணேஷ் வந்தார். செருப்பைக் கழற்றினார். மூக்கைச் சுருக்கினார்.

"என்ன வாசனை இது?"

எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தூத்துக்குடியில் கருவாட்டு வாசனை வந்தால் யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்?

அவர் மூக்கு போன வழியே பெட்டியின் பின்னால் போனார். சூடு வெளியேறும் கம்பித் தட்டியில் ஒரு வலைத்துண்டு இழுத்துக் கட்டியிருந்தது. அது நிறைய நெத்திலி. அனல் போக வழியில்லாமல், வெந்துபோகக் கூடாதென்று பெட்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

"பூரா அடைக்கல சார்," என்றாள் பிளாரன்ஸ். "காத்து போகட்டும்னுதான் வலையில போட்டேன்."

"வலையில ஓட்டை இருக்கும்மா. மீன்ல இல்லையே!"

நெத்திலி இறங்கியது. நிரல் ஓடியது. வேகம் நாலைத் தாண்டி ஐந்தைத் தொட்டது. பாலகணேஷ் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மடிக்கணினிப் பையில் ஒரு பொட்டலம் நெத்திலியோடு ரயிலேறினார். பெட்டி புண்ணியத்தில் நன்றாகவே காய்ந்திருந்தது.

எத்தனை நாள் தூக்கத்தைத் தின்ற நெத்திலி அது! ஜெஸ்லின் இனி அக்காவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தாள். அது மறுநாள் மதியம் அக்கா கொண்டுவந்த குழம்பு வரைக்கும் தாங்கியது.

அடுத்த வாரம் பிளாரன்ஸ் கதவோரம் வந்து நின்றாள்.

"ஏளா, கோவப்படாமக் கேளு. இனி பெட்டியத் தொடவே மாட்டேன். தள்ளி, செவுத்தோரமாத்தான் மீனுக்குக் கொடி கட்டுவேன். வெள்ளிக்கிழம மழைன்னு டிவில சொல்லுதான். அன்னைக்கு ஒருத்தனும் சும்மா நிக்காத மாரி, அறுபத்து நாலு பேருக்கும் நல்ல பெரிய கணக்கா ஒண்ணு போட்டு விடேன்."