கடல் எந்தப் பக்கம்

ஜித்தாவில் வேலை செய்யும் என் தங்கை, கிழக்குக் கடலோரச் செட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டை ஒரு கணினி விளையாட்டுக்குள் கட்டியிருந்தாள். சதுரக் கட்டைகளால் ஆன உலகம் அது. மாடும் மேகமும்கூடச் சதுரம்தான். அவளுடைய அறைத்தோழியின் கணினியில் அந்த உலகம் இருந்தது. இவள் வேலை முடிந்த பொழுதுகளில் கைத்தொலைபேசி வழியாக அதற்குள் போய், மாதக்கணக்காகச் சுவர் எழுப்பியிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அறைத்தோழி ஊர் திரும்புகிறாள். கணினியைக் கழற்றினால் வீடும் அதோடு போய்விடும். அதைப் பிரதி எடுத்து வைக்கும் விதம் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. கணினியைக் கழற்றும் முன் நான் ஒருமுறை வந்து பார்த்துவிட வேண்டும் என்று தங்கை மன்றாடினாள்.

தடித்த புத்தகங்களை வாசித்து முடிக்கும் பொறுமை எனக்கு உண்டு. ஒரு பொம்மை உருவத்தை விரலால் தள்ளி நடத்தும் பொறுமை இல்லை என்பது அன்று பின்னேரம்தான் தெரிந்தது. என் கைத்தொலைபேசித் திரையின் மூலையில் நான் நிற்கும் இடத்தை எண்கள் காட்டின. முதல் எண் மட்டும் போதும் என்றாள், அழைப்பில் இருந்த தங்கை.

“எண்ணூறுக்கு வாங்க அக்கா. கடல் பக்கமா நேரே நடந்தாச் சரி.”

விளையாட்டுக்குள் நான் போய் நின்ற இடத்தில் கடல் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கடல் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. சூரியன் கடலிலிருந்து எழும்பி, ஊருக்குப் பின்னால் கிடக்கும் வாவிக்கு அப்பால் மறையும். வாவியின் இரு கரைகளுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று அதை வைத்துத்தான் பெயர். ஆகவே சூரியன் உதித்த பக்கம் நடந்தேன். எண்ணும் கூடிக்கொண்டே வந்தது. ஒரு குழிக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

“குழிக்குள்ள என்ன செய்யிறீங்க?”

“ஆசைப்பட்டா விழுந்தன்?”

ஒருவழியாக ஏறி, எண்ணூறைத் தொட்டேன்.

“வீட்டைக் காணல்ல, புள்ள.”

“நல்லாப் பாருங்க. முன்னுக்குக் கடல் கிடக்கும்.”

“முன்னுக்கு ரெண்டு பன்றிதான் கிடக்கு.”

“அப்ப அதுகளிட்டக் கேளுங்க!”

அவள் சிரித்தாலும் குரலில் பதற்றம் இருந்தது. பின்னால் யாரோ பெட்டிக்கு நாடா ஒட்டும் சத்தம் கேட்டது. நான் எண்ணை மறுபடி கேட்டேன். அவள் அதே எண்ணை மறுபடி சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அந்த உலகத்தில் பொழுது சாயத் தொடங்கியது.

“சூரியன் கடலுக்குள்ள இறங்குது பாருங்க. அதைப் பாத்து வாங்க.”

“எதுக்குள்ள இறங்குது?”

“கடலுக்குள்ள.”

“செட்டிபாளையத்துக் கடலுக்குள்ளயா?”

நாடா கிழிபடும் சத்தம் மட்டும் வந்தது.

“இஞ்ச ஜித்தாவில ஒவ்வொரு நாளும் கடலுக்குள்ளதான் அக்கா இறங்குது,” என்றாள் மெதுவாக. “நான் யோசிக்காம அப்படியே கட்டிட்டன். எண்ணுக்கு முன்னால ஒரு கழித்தல் குறியும் கிடக்கு. கடல் பக்கம் எண்டு சொன்னாப் போதும் எண்டு நினைச்சன்.”

ஏசுவதற்கு வாயில் நிறையவே இருந்தது. நேரம்தான் இருக்கவில்லை. திரும்பி நடந்தேன். எண் குறைந்து சைபரானது. பிறகு கழித்தல் குறியோடு வளர்ந்தது. அதே குழியில் இன்னொரு முறை விழுந்தேன்.

இறுதியில் வீடு தெரிந்தது. முன்னால் கடல், பின்னால் சிறிய வாவி. சமைக்கும் குசினியின் உடைந்த யன்னலைக்கூட அவள் உடைந்தபடியே கட்டியிருந்தாள். காலை வெயில் மட்டுமே விழும் எங்கள் முன்வாசலில் அந்திவெயில் விழுந்துகிடந்தது. அங்கே அவளுடைய சதுர உருவம் நின்று கையை ஆட்டியது.

“எப்படி? சரியாக் கட்டியிருக்கனா?”

வெயிலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

“எல்லாம் சரி. கிணறுதான் குசினிக்கு இவ்வளவு கிட்ட இல்ல.”

“இல்லையா? எத்தினை கட்டை தள்ளி வரும்? கெதியாச் சொல்லுங்க, மாத்திறன். கழட்டப் போறாங்க.”

“நீ வந்து அளந்து பாரு,” என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள், கணினியைக் கழற்றிவிட்டார்கள் போல, திரை கறுத்துவிட்டது.