வில்லன் சாகும்வரை

கூரியர் உறையைக் கிழித்ததும் புதுக் காமிக்ஸின் மை வாசனை அடித்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இப்போது அச்சிடுகிறார்கள். அந்த வாசனை என்னைப் பாறசாலையில், இன்று மொபைல் கடையாகிவிட்ட ஸ்டெல்லா அக்காவின் பெட்டிக்கடை முன் கொண்டு நிறுத்தியது. நாகர்கோவில் பஸ்ஸில் தமிழ்க் காமிக்ஸ் கட்டும் திருவனந்தபுரம் பஸ்ஸில் மலையாளக் கட்டும் வந்து இறங்கும், நேந்திரன் வாழைக்குலைக்குப் பக்கத்துக் கயிற்றில் தொங்கவிட்ட அன்றே எல்லாம் தீர்ந்துவிடும் என்று தெரிந்திருந்ததால், அக்கா அவசரமே படாமல், ஒரு பிரதியைத் தானே படித்து முடிக்கும்வரை எதையும் விற்க மாட்டாள், பிள்ளைகள் நாங்கள் முண்டியடித்தால், வாழைக்கறை விரலால் பக்கத்தைப் புரட்டியபடி தலை நிமிராமல் சொல்வாள்: "இரி மக்கா, வில்லன் சாவட்டு, தாறேன்."

"அப்பா, அதத் தா, நான் வாசிக்கேன்" என்று மகள் கை நீட்டினாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். "வில்லன் இன்னும் சாவல்ல, மக்கா."