பெரிய வெள்ளியில் என் தம்பியின் அடக்கம்

என் தம்பி அந்தோணி பிரகாஷ் டிரம்மர். கடத்தூரில் ஓர் உரக்கடையின் மாடி அறையில் வகுப்பு நடத்தினான். பள்ளியில் சேராத பிள்ளைகள் முதல் கச்சேரிக் குழுக்களில் வாசிக்கிறவர்கள் வரை அவனிடம் கற்றார்கள். மாரியம்மன் திருவிழாவோ, கல்யாண வரவேற்போ, எங்கள் மாதா கோவில் பாடற்குழுவோ, எங்கே வாசித்தாலும் ஒரே அக்கறைதான். மொரப்பூரில் ரயிலேறி சேலத்துக்கு ஒலிப்பதிவுக்கும் போய்வருவான். அவனைப் போல தாளம் பிசகாமல் வாசித்தவனை நான் கேட்டதில்லை.

எந்த நிலை மாணவராக இருந்தாலும் வகுப்பு ஒரே மாதிரிதான் தொடங்கும். மேசையில் விரலால் ஒரு தாளம் தட்டுவான். அது கேள்வி. அதற்குப் பொருந்துகிற வேறு தாளத்தை மாணவர் தட்ட வேண்டும். அது பதில். கேள்வியையே திருப்பித் தட்டினால், "நான் கேட்டத என்கிட்டயே கேக்கறியே, நீ வக்கீலா?" என்பான். நான் ஒருமுறை முயன்றபோது, "அக்கா, நீ பதில் சொல்லல, கதவத் தட்டற" என்று சிரித்தான்.

அவன் மகள் இசபெல்லா பேச்சு வருவதற்கு முன்பே பதில் தட்டினாள். சாப்பாட்டுத் தட்டு, கட்டில் சட்டம், அப்பாவின் முதுகு, எல்லாம் அவர்களுக்கு டிரம்தான்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்தவன் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"அடக்கத்தன்னிக்கு பசங்க எல்லாம் வாசிக்கணும்க்கா. புதுசா சேந்தவன்கூட."

வாக்குக் கொடுத்தேன்.

பெரிய வியாழன் மதியம் இறந்தான். மறுநாள் பெரிய வெள்ளி. இயேசு இறந்த நாள் என்பதால் அன்று எங்கள் கோவிலில் மணி அடிக்க மாட்டார்கள், எந்தக் கருவியும் வாசிக்கக் கூடாது, மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வைத்தால் பூசையும் வைக்கலாம், டிரம்மும் வாசிக்கலாம் என்றார் பங்குச் சாமியார். குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். மாணவர்களுக்கு நானே போன் செய்து திங்கள் என்று சொன்னேன்.

அந்த வியாழன் மாலையே இசபெல்லா பெட்டியின் கண்ணாடியில் தட்டினாள். காத்திருந்தாள். பிறகு அதையே மெதுவாகத் தட்டினாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரியாவிட்டால் அவனும் அப்படித்தான் மெதுவாக்குவான். சாப்பிடக் கூப்பிட்டும் அவள் எழவில்லை.

விடிந்ததும் தம்பி மனைவி அனிஷா என்னைத் தனியே அழைத்தாள்.

"அண்ணி, அவரு ஆச எனக்கும் தெரியும்ங்க. ஆனா திங்கக்கெழம வரைக்கும் இவ இப்பிடியே தட்டிட்டுதான் இருப்பா. என்னால பாக்க முடியாதுங்க."

வாக்குக் கொடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. இன்றைக்கே வைத்துவிடலாம் என்று எல்லோரையும் மீண்டும் அழைத்துச் சொன்னேன்.

ஒருவர் விடாமல் வந்தார்கள். மூத்த மாணவன் மாதேஸ்வரன் இண்டூரிலிருந்து டிரம்மோடு கிளம்பியிருந்தான். விஷயம் தெரிந்து அதை வேனிலேயே விட்டுவிட்டு ஸ்டிக்குகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் கையிலும் ஸ்டிக் இருந்தது. முன்னால் மரக்கட்டைச் சத்தம் போக, பின்னால் நடந்தோம்.

குழியருகே சவப்பெட்டியை மூடினார்கள். இசபெல்லா குனிந்து மேல்பலகையில் தட்டினாள். சுற்றி நின்ற அவன் மாணவர்களில் அதற்குப் பதில் தெரியாதவர் யாருமில்லை. மாதேஸ்வரன் ஸ்டிக்குகளைக் கக்கத்தில் இடுக்கிக் கைகளைக் கட்டிக்கொண்டான். ஒருவரும் தட்டவில்லை.

அவள் பலகையில் காதை வைத்துப் படுத்தாள். அவளாக நிமிரும் வரை யாரும் பெட்டியை இறக்கவில்லை.