நடு விட்டத்துக்கு மஞ்சள்

ராஜாக்கண்ணு எதிலும் முந்திக்கொள்கிற மனிதர் இல்லை. ரேஷன் கடை வரிசையில்கூடப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்பார். அப்படிப்பட்டவர், பழைய ரயில் பாதையைப் பார்க்க வேலூரிலிருந்து வரும் நடைக்குழுவுக்கு நான் வழிகாட்டுகிறேன் என்று தானாகப் போய்ச் சொன்னதும் ஊரே வாயைப் பிளந்தது. ஆசைப்பட்டுச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்.

ஜவ்வாது மலையிலிருந்து மரம் இறக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட குட்டி ரயில் பாதை அது. ரயில் நின்ற பிறகு, அடிவாரத்து ஆட்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். ராஜாக்கண்ணுவின் அப்பா ஒரு தண்டவாளத்தைக் கொண்டுவந்து வீட்டுக்கு நடு விட்டமாகப் போட்டார். சாகும்போது அதை மகனிடம் மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பது ராஜாக்கண்ணுதான். விட்டத்தைத் தானும் தொடமாட்டார், மனைவி திரௌபதியையும் தொடவிடமாட்டார். அடுப்புக் கரி ஏறி ஏறி, இரும்பிலிருந்த எழுத்தெல்லாம் மறைந்துபோயிற்று. புருஷனுக்கு உடம்பு வணங்கவில்லை என்று திரௌபதி நினைத்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார். அவளிடம் சொன்னால் மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சாக இருக்கும்.

போன மாசம் இதே குழு பக்கத்து ஊர் வழியாக நடந்தது. சிங்காரத்தின் மாட்டுக் கொட்டகைத் தூண்கள் தண்டவாளம் என்று கண்டுபிடித்து, வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனது. பின்னாலேயே லாரி வந்தது. அரசாங்கச் சொத்து என்று தூண்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சிங்காரத்தின் மாடுகள் இப்போது மழையில் நிற்கின்றன. ராஜாக்கண்ணு வீட்டிலோ, பிரசவத்துக்கு வந்த மகள் புவனா இருந்தாள். அவள் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்ததே அந்த விட்டத்தில்தான்.

குழு வந்த அன்று, தன் வீட்டுக் கொல்லையை ஒட்டிப் போகிற பாதையை விட்டு ஓடைப் பக்கமாக அவர்களைத் திருப்பினார். குழுத்தலைவி ரேணுகாதேவி ரிட்டயரான டீச்சர். போனில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பாதை மேலே அல்லவா போகிறது என்று கேட்டார். அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் என்றார் ராஜாக்கண்ணு. பொய் இவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே பிடிக்கவில்லை. மலை கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோய், பின்னால் வருகிறவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஓடையைத் தாண்டிவிட்டால் போதும் என்று அவர் நினைத்தபோது, எதிரே திரௌபதி வந்து நின்றாள். தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"இன்னா இது, நம்மூருக்கு வந்தவங்கள இப்டியே கூட்டிக்கினு போறீங்க? வூட்டாண்ட வந்து ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் போவட்டும்."

ரேணுகாதேவி கரடியைப் பற்றிக் கேட்டதற்கு, எங்கள் வீட்டுப் பக்கம் கரடியா என்று திரௌபதி சிரித்தே விட்டாள். தூறலும் ஆரம்பித்தது. எல்லோரும் திரௌபதி பின்னால் திரும்பி நடந்தார்கள்.

நிலைப்படியைத் தாண்டியதும் ராஜாக்கண்ணுவின் கண் விட்டத்துக்குத்தான் போனது. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்று திரௌபதி காலையிலிருந்து வீட்டைத் தேய்த்திருந்தாள். விட்டத்தையும் விடவில்லை. கரியைச் சுரண்டித் துடைத்து, மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தாள். இரும்பில் புடைத்திருந்த இங்கிலீஷ் எழுத்தும் வருஷமும் பளிச்சென்று தெரிந்தன. அடியில் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ரேணுகாதேவி மோர் டம்ளரும் கையுமாக அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பாவம், நல்ல மனுஷிதான், கண்கூடக் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்களே என்று ராஜாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பையைத் திறந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தார்.

வீட்டைப் பாராட்டி எழுதப்போகிறார்கள் என்று திரௌபதிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா பெருசா எழுதுங்கம்மா. வர்றவங்களுக்குத் தெரியணும்."

ராஜாக்கண்ணு தூளிக்குள் கைவிட்டுக் குழந்தையைத் தூக்கினார்.

"தூங்கற புள்ளைய ஏம்ப்பா எழுப்புற?" என்றாள் புவனா.

அவர் குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு, தூளி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.