அக்காவின் எஞ்சின்

என் அக்காவுக்குப் பதினான்கு வயதில் எஞ்சின் கிடைத்தது. அதே வருடம் எனக்குக் கிடைத்தது, அவள் காலுக்குச் சிறிதாகிப்போன பழைய சப்பாத்து.

எஞ்சின் அப்பாவுடையதுதான். கொக்கிளாய்க் களப்புத் தண்ணீரில் மீன்பிடிக்க ஓடிய எங்கள் வள்ளத்தின் பின்புறம் பூட்டியிருந்த, பெற்றோலில் ஓடுகிற சின்ன எஞ்சின். சண்டைக் காலத்தில் செல் குண்டு பட்டதால் அப்பாவின் வலது கை பாதிப் பலத்தோடுதான் இருந்தது. கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, வலையையும் இழுக்க அந்தக் கை இடங்கொடுக்கவில்லை. அதனால் பள்ளிக்கூட லீவு நாட்களில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். இது இப்போது எனக்குத் தெரிந்த காரணம். பத்து வயதில் எனக்குத் தெரிந்த காரணம் வேறு: அப்பாவுக்கு அவளைத்தான் பிடிக்கும்.

அப்பா அவளுக்கு எஞ்சின் பழக்கியபோது நான் கரையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றக்கூடாது. ஊற்றும்போது சிந்தினால் துடைத்து, மணம் போனபிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கியரைப் பார்க்காமல் கயிற்றை இழுக்கக்கூடாது. செபத்தைவிட எனக்கு இவைதான் நன்றாகப் பாடமாகின. ஆனால் என்னிடம் யாரும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை எரிய வைத்தது ஒரு சிவப்புக் கயிறு. சுருள் சுருளாக இருக்கும். ஒரு நுனி எஞ்சினில் கொளுவியிருக்கும். மற்ற நுனியை அப்பாவே அக்காவின் மணிக்கட்டில் மாட்டிவிடுவார்.

“இது கையில இல்லாட்டி எஞ்சினைத் தொடக்கூடாது, பிள்ளை. நீ தண்ணிக்க விழுந்தா இது கழண்டு எஞ்சின் நிண்டிடும். விளங்குதே?”

“ஓமப்பா.”

அவர் அவளுடைய கையைப் பிடித்து அதை மாட்டுகிற விதத்தைப் பார்த்தால், பெருநாளுக்குக் காப்புப் போட்டுவிடுகிறார் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஓகஸ்ட் லீவில் ஒருநாள், அக்காவிடம் வள்ளத்தைச் சற்றுத் தள்ளியிருந்த வலைக்கொட்டிலடிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அப்பா கரையால் நடந்தார். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். அக்கா வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறுவதற்குள் சிவப்புக் கயிற்றை என் கையில் மாட்டிக்கொண்டேன்.

“கழட்டித் தாடி. அது விளையாட்டுச் சாமான் இல்லை.”

“ஒவ்வொரு நாளும் நீதானே போடுறாய். இண்டைக்கு நான்.”

“அப்பா கண்டா கொல்லுவார்.”

“தரமாட்டன்.”

அவள் பறிக்கப் பார்த்தாள். நான் கத்தத் தொடங்கினேன். கரையில் அப்பா திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் கையை விட்டுவிட்டாள். “சரி, எனக்குப் பக்கத்தில ஆடாம இரு” என்று சொல்லி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாள். வள்ளம் கிளம்பியது. கையைத் தூக்கி, கயிறு வெயிலில் தெரியும்படி பிடித்தேன். அப்பா பார்க்க வேண்டுமென்பதுதான் என் ஆசை.

பாதி தூரத்தில் தண்ணீருக்குள் இருந்த ஒரு வலைக்கம்பில் எஞ்சின் அடிபட்டது. வள்ளம் ஒரு உதறு உதறியது. முன்னால் எட்டிப் பார்ப்பதற்காகப் பாதி எழுந்திருந்த அக்கா, அப்படியே பக்கவாட்டில் தண்ணீருக்குள் போனாள்.

எஞ்சின் நிற்கவில்லை. பிடிக்க ஆளில்லாத வள்ளம் ஒருபக்கம் சரிந்து வட்டமடித்தது. தலையைத் தூக்கிய அக்காவை நோக்கி அது திரும்பி வருவதை நான் கண்டேன். கரையில் அப்பா கைகளை வீசிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தார். “சிவப்புக் கயிறை இழு!” என்று அவர் கத்தினாராம். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாடமாக்கி வைத்திருந்த ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பயத்தில், எஞ்சினை விட்டு எட்டப் போனால் போதுமென்று வள்ளத்தின் முன்பக்கம் ஓடினேன். கயிறு விறைத்து, எஞ்சினிலிருந்து கழன்றது. எஞ்சின் நின்றது.

வள்ளம் வந்த வேகத்தில் அக்காவின் தோளில் மோதிவிட்டு நழுவியது. அவளுக்குப் பின்னால், ஒரு முழத்தில், எஞ்சினின் காற்றாடி சுழலாமல் கடந்து போனது.

அப்பா எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்து வந்தபின்தான் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“இதை ஆர் இவளுக்குக் கட்டினது?”

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா சொன்னாள்: “நான்தானப்பா. ஆசைப்பட்டாள், கட்டிவிட்டனான்.”

அப்பாவின் இடது கை அவளுடைய கன்னத்தில் விழுந்தது. “இனி நீ எஞ்சினுக்குக் கிட்டவும் வரக்கூடாது” என்றார்.

கரையில் கூடியவர்கள் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். “சின்னவள் கெட்டிக்காரி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டாள்” என்றார் ஒருவர். இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அம்மா எனக்குத்தான் முதலில் சோறு போட்டார். அக்கா வீங்கிய தோளோடு குசினிக்குள் அடுப்படி மூலையில் இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவளைவிட ஒருபடி மேலே நின்றேன். அவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நல்லபிள்ளைப் பெயர் எடுப்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை அப்பா தனியாகத் தொழிலுக்குப் போனார். நானும் அக்காவும் கரையில் நின்று பார்த்தோம். அப்பா வலது கையால் முடியாமல், இடது கையால் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. திரும்ப இழுத்தார். எத்தனையோ தரம் இழுத்தார். வள்ளம் காற்றில் மெல்ல அள்ளுண்டு போனது. இருந்தாற்போல அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினாள். எஞ்சின் கைவிட்டுப் போன கவலையில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதானே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.